களி உருண்டைக்கு வந்த மீன்

தண்ணீர் போன வழி – 11

அலாஸ்காவிலும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் ரோடே போகாத காட்டுக்குள் மர வீடுகள் உண்டு. மிதவை விமானம் ஏரியில் இறங்கி நாலைந்து பேரை விட்டுவிட்டுப் போகும். ஒரு வாரம் தங்க ஆளுக்குப் பல ஆயிரம் டாலர். விடிந்ததும் நெஞ்சுவரை ரப்பர் உடுப்பு மாட்டிக்கொண்டு, விரல் மரத்துப்போகும் குளிர்ந்த ஆற்றில் நின்று தூண்டில் வீசுவார்கள். சால்மன் மாட்டினால் அதோடு மல்லுக்கட்டி, கரைக்குக் கொண்டுவந்து, ஒரு போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அப்புறம், பல இடங்களில், மீனைத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுவார்கள்.

இதை நாட்றம்பள்ளி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் சொன்னேன். வாணியம்பாடி தோல் ஷெட்டில் இரவு ஷிப்ட் முடித்து வந்திருந்த ஒருவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "இன்னாண்ணா சொல்ற? காசு குடுத்துப் போயி மீனைப் புடிச்சி, புடிச்சதைத் தண்ணியிலயே வுட்டுட்டு வர்றானா?" பக்கத்தில் இருந்தவர், "அந்தத் தோலையாச்சும் உரிச்சிக்கினு வரலாமே" என்றார். தொழில் புத்தி. சால்மன் தோலைப் பதனிட்டுக் கைப்பை செய்கிற வேலை ஐஸ்லாந்தில் நடந்திருக்கிறது என்று சொன்னதும்தான் அவருக்கு சால்மன் மேல் ஒரு மரியாதை வந்தது.

இந்த விளையாட்டுக்கு அலாஸ்கா வரை போக வேண்டியதில்லை. நாட்றம்பள்ளியிலிருந்து கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகக் கனகபுரா பக்கம் திரும்பினால், காவிரி இரண்டு மலைகளுக்கு நடுவே ஓடிவரும் காட்டில் இதே மாதிரி விடுதிகள் இருந்தன. தொட்டமக்களி, பீமேஸ்வரி, காளிபோரே என்று மூன்று முகாம்கள். பிரிட்டனிலிருந்தும் ஐரோப்பாவின் மற்ற மூலைகளிலிருந்தும் தூண்டில்காரர்கள் வந்து கூடாரத்தில் தங்கினார்கள். மீன் மட்டும் வேறு. சால்மன் கடலுக்கும் ஆற்றுக்கும் போய்வரும் மீன். இங்கே இருந்தது ஆற்றைவிட்டு வெளியே போகாத கெண்டை. மஹ்சீர் என்று உலகமே அழைக்கும் பெருங்கெண்டை.

எவ்வளவு பெரியது என்று கேட்டால் சில எடைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பிரிட்டனில் தூண்டிலில் பிடித்த சால்மன்களில் மிகப் பெரியது, 1922 அக்டோபரில் ஸ்காட்லாந்தின் டே ஆற்றில் ஜார்ஜினா பாலன்டைன் என்ற பெண் பிடித்தது. 64 பவுண்டு, ஏறத்தாழ 29 கிலோ. நூறு வருஷம் கடந்தும் அதை மிஞ்ச ஆளில்லை. அலாஸ்காவின் கீனாய் ஆற்றில் 1985ல் லெஸ் ஆண்டர்சன் பிடித்த ராஜ சால்மன் 44 கிலோ. தூண்டில் உலகில் சால்மனுக்கு அதுதான் உச்சம். இப்போது நம் பக்கம். 1919ல் ரிவெட் கார்னாக் என்ற ராணுவ மேஜர் காவிரியில் பிடித்த மஹ்சீர் 119 பவுண்டு. 1946 மார்ச் 22ம் தேதி மைசூரின் டி வெட் வான் இன்கன் கபினி ஆற்றில் பிடித்தது 120 பவுண்டு. 54 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. வான் இன்கன் குடும்பம் செத்த புலிக்கும் சிறுத்தைக்கும் பஞ்சடைத்துப் பாடம் செய்வதில் உலகப் பெயர் எடுத்த குடும்பம். மகாராஜாக்களின் அரண்மனைச் சுவர்களில் வாயைப் பிளந்துகொண்டிருக்கும் புலிகளில் ஏராளமானவை அவர்கள் பட்டறையில் உருவானவை. அதே வீட்டு ஆள்தான் இந்தச் சாதனை மீனையும் பிடித்தார்.

வெள்ளைக்காரர்களுக்கு இந்தக் கெண்டைப் பைத்தியம் பிடித்ததற்கு ஒரு கலெக்டரும் காரணம். ஹென்றி சல்லிவன் தாமஸ், சென்னை மாகாண சிவில் சர்வீஸ் ஆள், தென் கன்னடத்தில் வேலை பார்த்தவர். அவர் எழுதிய 'தி ராட் இன் இந்தியா' 1873ல் வெளிவந்தது. அளவுக்கு அளவு பார்த்தால் சால்மனைவிட மஹ்சீர்தான் தூண்டில்காரனுக்கு அதிகம் ஆட்டம் காட்டும் என்பது அவர் கட்சி. ஸ்காட்லாந்து ஆற்றங்கரையில் வளர்ந்த அதிகாரிகளுக்கு இந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. லீவு கிடைத்தால் ஊருக்குக் கப்பலேற முடியாதவர்கள் காவிரிக்கும் கபினிக்கும் தூண்டிலோடு கிளம்பினார்கள். அவர்களுடைய சொந்த மீனையும் இங்கே கொண்டுவரப் பார்த்தார்கள் என்பது வேறு கதை. நீலகிரியில் டிரவுட்டைக் குடியேற்ற 1860களிலேயே முயற்சி தொடங்கிப் பல முறை தோற்று, 1907ல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் வந்த பிறகே கைகூடியது. டிரவுட் சால்மன் குடும்பத்து மீன்தான். ஆனாலும் 54 கிலோ கெண்டை சும்மா கிடக்கும்போது முழங்கை நீள டிரவுட்டுக்கு எதற்கு இத்தனை பாடு என்று எனக்குத் தோன்றும்.

சுதந்திரத்துக்குப் பிறகு இந்த விளையாட்டு ஓய்ந்தது. துரைகள் போனார்கள், அணைகள் அதற்கு முன்பே வந்துவிட்டிருந்தன. மேலே கண்ணம்பாடி, கீழே 1934லேயே கட்டி முடித்த மேட்டூர். நடுவே சிவசமுத்திரத்திலிருந்து ஒகேனக்கல் வரை பாறைக்கும் காட்டுக்கும் நடுவில் ஓடும் காவிரி மட்டும் கொஞ்சம் காவிரியாக மிச்சமிருந்தது. அங்கேயும் தோட்டா வந்தது. கனகபுரா, கிருஷ்ணகிரி, பர்கூர் எல்லாம் கிரானைட் பூமி. குவாரி இருக்கும் இடத்தில் ஜெலட்டின் குச்சி கிடைக்காமல் போகாது. ஒரு குச்சியை மடுவில் போட்டால் பெரிசு, சிறிசு, சினை, குஞ்சு எல்லாம் வயிறு மேலே வந்து மிதக்கும். பாதி அடியில் போய்விடும், மிதந்ததை மட்டும் அள்ளுவார்கள். பெரிய மஹ்சீர் அற்றுப்போனது என்றே 1970களில் தூண்டில் உலகம் நினைத்துக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில் இரண்டு காரியம் நடந்தது. 1972ல் பெங்களூரில் தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் தொடங்கி, காவிரியின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துக் காவல் போட்டது. 1970களின் கடைசியில் பிரிட்டனிலிருந்து வந்த மூன்று இளைஞர்கள் காவிரியில் பெரிய பெரிய மஹ்சீர்களைப் பிடித்துக் காட்டினார்கள். மீன் இருக்கிறது என்ற சேதி லண்டன் பத்திரிகைகளில் வந்தது. 1980ல் கர்நாடக அரசு ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனத்தை ஆரம்பித்தது. பீமேஸ்வரி முகாம் அதன் கைக்கு வந்தது. 1987ல் அந்தக் காடு முழுவதும் காவிரி வனவிலங்குச் சரணாலயம் ஆனது. இந்த அறிவிப்புதான் கால் நூற்றாண்டு கழித்து முகாம்களின் தூண்டிலை மடக்கப்போகிறது என்று அப்போது யாரும் எண்ணவில்லை.

முகாமில் ஒரு நாள் எப்படிப் போகும்? மற்ற வசதிகளை விடுங்கள், இரையைப் பற்றிச் சொல்கிறேன். அலாஸ்காவில் மானின் முடியும் மயிலிறகும் கட்டிய பூச்சி மாதிரித் தூண்டில் முள். காவிரியில் கேழ்வரகு மாவு. கல் நீக்கி அரைத்த மாவைத் தண்ணீர் விட்டுக் கெட்டியாகப் பிசைந்து, உருண்டை பிடித்து, கொதிக்கிற தண்ணீரில் போட்டு வேக வைப்பார்கள். வெந்ததை எடுத்து, சூடு ஆறுவதற்குள் பாறை மேல் போட்டுத் திரும்பத் திரும்பப் பிசைவார்கள். ரப்பர் பதம் வர வேண்டும். இழுத்தால் நீள வேண்டும், அறுந்துவிடக் கூடாது. சிலர் மஞ்சள் போடுவார்கள், சிலர் சோம்பு, சிலர் பெருங்காயம். அவரவர் பக்குவம், அடுத்தவருக்குச் சொல்ல மாட்டார்கள். எலுமிச்சை அளவு எடுத்து முள்ளைச் சுற்றி அப்பினால் பாறையில் மோதினாலும் சின்ன மீன் கொத்தினாலும் உதிராமல் ஒரு மணி நேரம் நிற்கும். தர்மபுரி வீடுகளில் கருவாட்டுக் குழம்போடு சாப்பிடுகிற களியேதான், இன்னும் ஒரு கை இறுக்கம். வெளிநாட்டுத் தூண்டில்காரர்கள் பல்லாயிரம் ரூபாய் கம்பு, பல்லாயிரம் ரூபாய் சக்கரம் எல்லாம் கொண்டுவந்து, கடைசியில் உள்ளூர்க்காரர் பிசைந்த களி உருண்டைக்காகக் கையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள்.

மஹ்சீருக்குத் தாடையில் பல் கிடையாது. பல் தொண்டைக்குள்ளே இருக்கிறது. நத்தை, நண்டு எதையும் உறிஞ்சி உள்ளே இழுத்து அங்கேதான் நொறுக்கும். தரம் குறைந்த முள் என்றால் அதையும் நசுக்கிவிடும். இரையைக் கவ்வியதும் பாறைகளுக்கு நடுவே வேகத்தோடு பாயும். முதல் ஓட்டத்திலேயே நூறு மீட்டர் நரம்பு போய்விடும் என்பார்கள். நரம்பு பாறையில் சிக்கினால் பரிசலை எடுத்துக்கொண்டு போய் வழிகாட்டி அதை விடுவிக்க வேண்டும். காவிரியில் தூண்டில் போட்டவர்கள் எழுதியதை எல்லாம் படித்துப் பாருங்கள், மீனுக்கு அடுத்தபடி அந்த வழிகாட்டியைத்தான் புகழ்ந்திருப்பார்கள். எந்த மடுவில் எந்த மணிக்கு மீன் வரும், நரம்பு நடுங்கும்போது குஞ்சு மீன் கொத்துகிறதா பெரிசு மோந்து பார்க்கிறதா, இதெல்லாம் புத்தகத்தில் கிடைக்காது.

அவர்களுக்கு அது எங்கே கிடைத்தது என்பதுதான் விஷயமே. அந்த வழிகாட்டிகளில் பலர் முன்னாள் தோட்டாக்காரர்கள், வலைக்காரர்கள். ஆற்றின் ஒவ்வொரு பள்ளமும் அவர்களுக்கு அத்துப்படி. முகாம் அவர்களைச் சம்பளத்துக்கு வைத்தது. பிடித்த மீனைத் திரும்ப விட வேண்டும் என்பது கண்டிப்பான விதி; மீன் உயிரோடு இருந்தால்தான் அடுத்த வருஷமும் விருந்தாளி வருவான், விருந்தாளி வந்தால்தான் சம்பளமும் இனாமும். 40 கிலோ மீனை வெட்டிக் கூறு போட்டால் ஒரு நாள் காசு. அதே மீன் வருஷா வருஷம் யாரோ ஒருவரின் தூண்டிலில் மாட்டித் தப்பிப் போனால் ஒரு குடும்பத்துக்கே பிழைப்பு. இந்தக் கணக்கு புரிந்தவுடன் இரவில் தோட்டாச் சத்தம் கேட்டால் வனத்துறைக்கு முன்னால் அவர்கள் ஓடினார்கள்.

ஒகேனக்கல் மாமரத்துக் கடவுத் துறையில் ஒரு பரிசல்காரரோடு பேசிக்கொண்டிருந்தேன். ஐம்பதைத் தாண்டிய ஆள். பரிசலைக் கவிழ்த்துப்போட்டு அடியில் தார் பூசிக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் மூங்கில் பின்னலுக்கு மேல் மாட்டுத்தோல் போர்த்துவார்கள். இப்போது பிளாஸ்டிக் சாக்கும் தாரும்தான். நாட்றம்பள்ளி என்றதும், "தோல் ஊரா சார்?" என்றார். நாங்கள் தோல் ஊருக்குப் பக்கத்து ஊர், தோல் போகிற ரோட்டில் இருக்கிற ஊர் என்று விளக்க வேண்டியிருந்தது.

"எங்க மாமன் மேல வெள்ளக்காரங்க கேம்ப்புல பரிசல் போட்டாரு சார். மீனைப் புடிச்சிக் கையில குழந்தையைத் தூக்கற மாதிரி தூக்குவாங்களாம். அப்புறம் தண்ணிக்குள்ளயே புடிச்சிக்கினு நிப்பாங்களாம், அது மூச்சு வாங்கி தானா நழுவற வரைக்கும். மாமன் வீட்டுக்கு வந்து சொன்னா யாரும் நம்பல."

"உங்க ஊர்ல பெரிய மீன் பாத்திருக்கீங்களாண்ணே?"

"சின்ன வயசுல பாத்தது. இப்ப எங்க சார்? கடையில கேளுங்க, கட்லா தருவான்."

கடையில் கேட்டேன். மசாலா தடவி வரிசையாக வைத்திருந்ததில் கட்லா, ரோகு, ஜிலேபி. வாளை கொஞ்சம். கட்லாவும் ரோகுவும் கங்கைச் சீமையிலிருந்து வந்தவை, ஜிலேபி ஆப்பிரிக்காவிலிருந்து. வாளை ஒன்றுதான் காவிரிக்காரன். ஒகேனக்கல் மீன் வறுவல் என்று நாக்கில் எச்சில் ஊறச் சாப்பிட்டுவிட்டு வருகிறோமே, அதில் பெரும்பங்கு வெளியூர் மீன்.

வெளியூர் மீன் விஷயத்தில் தூண்டில்காரர்களும் சுத்தமான கை இல்லை. மஹ்சீர் குறைகிறது என்று கவலைப்பட்டவர்கள் 1970களில் மகாராஷ்டிரத்தின் லோனாவளாவில் டாடா மின் நிறுவனத்தின் பண்ணையைப் பார்த்தார்கள். அங்கே மஹ்சீரை செயற்கையாக இனப்பெருக்கம் செய்து லட்சக்கணக்கில் குஞ்சு பொரித்தார்கள். உண்மையிலேயே பெரிய சாதனை. அந்தக் குஞ்சுகள் நாட்டின் பல ஆறுகளுக்குப் போயின, காவிரிக்கும் வந்தன. ஆனால் அது நீலத் துடுப்பு மஹ்சீர், கிருஷ்ணா ஆற்றுப் படுகையின் மீன். காவிரியின் மஹ்சீர் வேறு. முதுகில் திமில் மாதிரி மேடு, ஆரஞ்சு சாயும் துடுப்பு. இரண்டும் மஹ்சீர்தானே என்று அன்று எல்லோரும் நினைத்தார்கள். நினைத்ததில் தப்பும் சொல்ல முடியாது, திமில் மீனுக்கு அப்போது சரியான அறிவியல் பெயர்கூட இல்லை.

வந்த மீன் என்ன செய்தது என்பது காளிபோரே முகாமின் பதிவேட்டிலிருந்து வெளியே வந்தது. அங்கே யார், எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார்கள், என்ன மீன், எத்தனை எடை என்று 1998 முதல் 2012 வரை எழுதி வைத்திருந்தார்கள். இந்தக் காடுகளில் பதுங்கித் திரிந்த வீரப்பன் கொல்லப்பட்டது 2004 அக்டோபரில். அந்த மலைக்காட்டுக்குள் ஒரு பக்கம் அதிரடிப்படை அலைந்துகொண்டிருந்த வருஷங்களிலும் ஒருவர் உட்கார்ந்து மீன் எடையை நோட்டில் எழுதியிருக்கிறார். மீன் ஆய்வாளர்கள் ஏட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன், ராபர்ட் பிரிட்டன் மூவரும் அந்தக் கணக்கை ஆராய்ந்து 2015ல் வெளியிட்டார்கள். 23,620 மணி நேரத் தூண்டில், 6,161 மஹ்சீர். ஏறக்குறைய நாலு மணி நேரத்துக்கு ஒரு மீன். எடை அரைக் கிலோவிலிருந்து 46.8 கிலோ வரை. கீனாய் ஆற்றின் 44 கிலோ ராஜ சால்மன் காளிபோரேயில் முதலிடம் வாங்கியிருக்காது.

கணக்கின் உள்ளே போனால் வயிறு கலங்கும். நீலத் துடுப்பு மீன் வருஷத்துக்கு வருஷம் எண்ணிக்கையில் ஏறுகிறது. திமில் மீன் இறங்குகிறது. இறங்குவது மட்டுமில்லை, பிடிபடும் திமில் மீன்களின் சராசரி எடை கூடிக்கொண்டே போகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் நல்ல சேதி போல இருக்கும். குஞ்சு வரவில்லை, கிழடுகள் மட்டும் பாக்கி இருக்கின்றன என்பதுதான் அதன் பொருள். பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புக்கு ஆளே சேராமல் பத்தாம் வகுப்பு மட்டும் நடக்கிற மாதிரி.

இதில் நம் ஊர் ஆட்களுக்கும் ஒரு பங்கு உண்டு. திமில் மீனின் அடையாளத்தைத் தீர்க்க மாதிரி வேண்டும், காவிரியிலோ கிடைப்பதே அரிது. கடைசியில் மோயாற்றில் கிடைத்தது. முதுமலைக் காட்டுக்குள் ஓடி பவானிசாகரில் விழுகிற ஆறு. பாரதியார் பல்கலைக்கழகத்தின் மணிமேகலன், சென்னையின் மீன் ஆர்வலர் மார்க்கஸ் நைட், பிண்டர், ராஜீவ் ராகவன் உள்ளிட்டோர் 2018 ஜூனில் கட்டுரை வெளியிட்டார்கள். கேரளத்தின் பாம்பாற்றில் கிடைத்து ஏற்கெனவே 'டார் ரெமாதேவியே' என்று பெயர் சூட்டப்பட்டிருந்த மீனும் காவிரியின் திமில் மஹ்சீரும் ஒன்றுதான் என்று காட்டினார்கள். பாம்பாறு நம் அமராவதிக்கு வந்து சேரும் ஆறு, ஆக அதுவும் காவிரிதான். ரெமா தேவி சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் பணியாற்றிய மீனியல் அறிஞர். உலகமே தேடி வந்த மீனுக்குப் பெயர் கிடைத்த அதே வருஷம், அது மிக அருகிய இனம் என்று சிவப்புப் பட்டியலிலும் ஏறியது. புலி அந்தப் பட்டியலில் இதைவிட ஒரு படி கீழே, ஆபத்துக் குறைவான வரிசையில் இருக்கிறது.

இதற்கிடையில் தூண்டில் நின்றுபோயிருந்தது. சரணாலயத்துக்குள் எந்த உயிரையும் பிடிப்பது சட்டப்படி வேட்டை. பிடித்து விட்டாலும் பிடித்ததுதான். 2010களின் தொடக்கத்தில் காவிரிச் சரணாலயத்தில் தூண்டிலுக்குத் தடை வந்தது. முகாம்கள் மூடவில்லை. பீமேஸ்வரியில் இப்போது கயிற்றில் தொங்கிப் போகலாம், சிறுபடகு துடுப்புப் போடலாம். பெங்களூர் ஐ.டி. கம்பெனிகள் சனிக்கிழமை பஸ் பிடித்து வருகின்றன. கயிற்றில் தொங்குகிறவருக்கு அடியில் ஓடும் ஆற்றில் மீன் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

தடை சரி என்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. காயம் பட்ட மீன் விட்ட பிறகு பிழைத்ததா என்று யார் போய்ப் பார்த்தது? போட்டோவுக்காகப் பெரிய மீனின் வாயில் கயிறு கோத்து இரவெல்லாம் தண்ணீரில் கட்டி வைக்கிற வழக்கம் காவிரியில் இருந்தது. அதை விளையாட்டு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கரையோரத்து ஏழைக்கு மறுத்த மீனைப் பணக்காரனின் பொழுதுபோக்குக்குத் திறந்துவிட்டது என்ன நீதி என்றும் கேட்கலாம். எல்லாம் உண்மை. ஆனால் தடை போட்ட கை, அந்த வழிகாட்டிகளின் இடத்தில் யாரை வைத்தது? தூண்டில் நின்றதும் சம்பளம் நின்றது, சம்பளம் நின்றதும் ராத்திரிக் காவல் தளர்ந்தது. பிண்டரும் ராகவனும் 2013லேயே இதை எழுதினார்கள்: தூண்டில்காரர்களின் பணமும் கண்ணும் மஹ்சீரைக் காப்பதில் உதவியிருக்கிறது, அதை மொத்தமாக விரட்டுவது புத்திசாலித்தனம் இல்லை என்று. அந்தப் பதிவேடும் 2012க்குப் பிறகு இல்லை. ஆற்றுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லக்கூடிய ஒரே கணக்கு நோட்டை நாமே மூடி வைத்துவிட்டோம்.

பாலாற்றுக் கரையில் வளர்ந்தவனுக்கு இந்த வாதம் வேறு மாதிரிதான் கேட்கும். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று தோல் ஷெட்டுகளின் கழிவு இறங்கியபோது பாலாற்றில் எந்த மீனுக்காகவும் யாரும் ஓடவில்லை. கிணறு கெட்டு, நிலம் வெளுத்து, மனிதன் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் போன பிறகுதான் வழக்கு டெல்லி போனது. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் தீர்ப்பு சொன்னது. மாசு செய்தவனே ஈடு கட்ட வேண்டும் என்பதற்கு இன்றும் சட்டக் கல்லூரிகளில் அந்த வழக்கைத்தான் பாடம் நடத்துகிறார்கள். அதில் கிணறு உண்டு, வயல் உண்டு, ஆள் உண்டு. மீன் பற்றி யாருக்கும் நஷ்டக் கணக்கு இல்லை, ஏனென்றால் பாலாற்று மீன் உயிரோடு இருப்பதால் ஒருத்தருக்கும் ஒரு பைசா வரவில்லை. காளிபோரேயில் வந்தது. என்னைக் கேட்டால் அந்த ஒரு வித்தியாசம்தான் அங்கே 2012 வரை 40 கிலோ மீனை வைத்திருந்தது. விருந்தாளி வெள்ளைக்காரனா, பெங்களூர்ப் பணக்காரனா என்பதெல்லாம் எனக்கு இரண்டாம் பட்சம்.

தமிழ்நாட்டுப் பக்கம் இப்போது காடு நிறையவே பாதுகாப்புக்குள் வந்திருக்கிறது. கிருஷ்ணகிரி, தர்மபுரி மலைகளில் 2014ல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம், 2022ல் அதையொட்டிக் காவிரி தெற்குச் சரணாலயம். யானைக்கு நல்லது, நீர்நாய்க்கு நல்லது. மீனுக்கு என்ன ஏற்பாடு என்று அந்த அறிவிப்புகளைப் பார்த்தால் ஆறு ஓர் எல்லைக்கோடு அளவுக்குத்தான் தெரிகிறது. காவிரியின் நடுவில் மாநில எல்லை போகிறது. அந்தக் கரை அவர்கள் வனத்துறை, இந்தக் கரை நம் வனத்துறை. தோட்டா போடுகிறவனுக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்?

மேலே மேகதாது. 67 டி.எம்.சி. அணை என்று கர்நாடகம் கேட்கிறது, கூடாது என்று தமிழ்நாடு மறுக்கிறது. வழக்கு, போராட்டம், சட்டமன்றத் தீர்மானம் எல்லாம் தண்ணீர்ப் பங்கைப் பற்றி. அது நியாயமான சண்டை, விவசாயிக்கு உயிர்ப் பிரச்சினை. ஆனால் அணை வந்தால் சரணாலயத்தின் ஆற்றோரக் காடு பெருமளவு நீருக்குள் போகும். மஹ்சீர் முட்டையிட மழைக்காலத்தில் எதிர்நீச்சல் போட்டு, கூழாங்கல் படிந்த ஓடும் தண்ணீரைத் தேடிப் போகும் மீன். தேங்கிய நீரில் கட்லா கொழுக்கும், மஹ்சீர் முட்டையிடாது. இரண்டு மாநிலத்து வக்கீல்களில் ஒருவராவது இந்த மீன் பேரில் ஒரு பத்தி வாதாடினால் நமக்குச் சாதகமான பாயின்ட் அது என்று எனக்குப் படுகிறது. தமிழ்நாட்டு வக்கீலுக்கு இலவசமாகவே சொல்லித் தருகிறேன், எடுத்துக்கொள்ளட்டும்.

திரும்ப ஆறு முழுக்கத் தூண்டிலைத் திறந்துவிடச் சொல்கிறேனா? சரணாலயத்துக்குள் வேண்டாம் என்று சட்டம் சொன்னால் வேண்டாம். வெளியே இருக்கும் ஆற்றுப் பகுதிகளில், உள்ளூர்ப் பரிசல்காரர் சங்கத்தின் கையில், எண்ணிக்கை வைத்து, முள்ளில் கொக்கி மீசை இல்லாமல், பிடித்த ஒவ்வொரு மீனும் நோட்டில் ஏறும் கட்டுப்பாட்டோடு ஒரு பரீட்சை செய்து பார்க்கலாம். வெள்ளம் இத்தனை ஆயிரம் கன அடியைத் தாண்டினால் பரிசலை நிறுத்து என்று ஒவ்வொரு ஆடியிலும் கலெக்டர் உத்தரவு வருகிறது. அந்த நாட்களில் ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டிப் பிழைக்கும் குடும்பங்களுக்கு அடுப்பு எரிவது கஷ்டம். தண்ணீர் வடிந்த தை, மாசி, பங்குனிதான் மஹ்சீர் தூண்டிலுக்கு நல்ல பருவம். எந்த நிபுணரும் வேண்டாம், அந்த மாமரத்துக் கடவுக்காரரிடம் கேட்டாலே ஒரு திட்டம் போட்டுத் தருவார். நான் கேட்டேன். தார் சட்டியைக் கிளறிக்கொண்டே, "மொதல்ல மீன் வரட்டும் சார், களி நான் கிண்டறேன்" என்றார்.

மீன் வர வேண்டுமென்றால் வழி மோயாற்றில்தான் இருக்கிறது. திமில் மஹ்சீர் இன்னும் முட்டையிட்டுப் பெருகுவதாகத் தெரியவரும் ஆறு அது ஒன்றுதான் மிச்சம். அடுத்த வாரம் மோயாற்றங்கரைத் தெங்குமரஹடா.

(தொடரும்)